விலாவுக்குப் பின்னால் கிடக்கும் இரும்பு

ஈரலுக்கு ஸ்கான் எடுக்கப் படுத்திருப்பவரிடம் டொக்டர் இரண்டு வேலை சொல்வார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்வார். பிறகு, "மூச்சை நல்லா உள்ளுக்கு இழுத்துப் பிடியுங்கோ" என்பார். கை மேலே போனால் விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள சந்து கொஞ்சம் அகலும். மூச்சை இழுத்தால் பிரிமென்றகடு கீழிறங்கி, விலாக்கூட்டுக்குள் பதுங்கியிருக்கும் ஈரலையும் தன்னோடு கீழே தள்ளும். அந்தச் சந்துக்குள் கருவியின் முனையைச் சரித்து வைத்துத்தான் உள்ளே பார்க்கிறார்கள். எலும்புக்கு மேல் வைத்தால் திரையில் கறுப்பு நிழல்தான் விழும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வந்தால் மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

"உள்ளுக்கு ஏதும் கிடக்கோ?"

"ஓம் டொக்டர், பீஸ் கிடக்கு. ஒண்டு முதுகுப் பக்கம். மற்றது எங்கையெண்டு தெரியாது."

சாதாரண ஸ்கானில் இந்தத் 'தெரியாது' பெரிய தொல்லை இல்லை. திரையில் ஒரு வெள்ளைக் கீற்று பளிச்சிடும். டொக்டர் முனையைச் சற்று நகர்த்திக்கொள்வார், அவ்வளவுதான். ஆனால் அதே ஒலியைக் கொண்டு விலாவுக்குப் பின்னாலுள்ள கட்டியைப் பார்ப்பதோடு நிற்காமல், அதை அங்கேயே அழித்துவிடும் வைத்தியம் இப்போது உலகில் நடக்கிறது. அந்த வைத்தியத்தின் வாசலில் ஒருவரை நிறுத்திவைக்க இந்த ஒரு 'தெரியாது' போதும். போர் முடிந்து இத்தனை வருடங்களுக்குப் பிறகும் வன்னியில் எவர் உடம்பில் எந்த இரும்பு எங்கே கிடக்கிறது என்பது அவரவருக்கே சரியாகத் தெரியாமல் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதுதான் என் வாதம். அதற்கு முதலில் அந்த வைத்தியத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

உடம்புக்கு வெளியே, தோலில் ஒட்டினாற்போல, ஒரு கிண்ண வடிவக் கருவி இருக்கும். அதன் பரப்பு முழுவதிலுமிருந்து புறப்படும் அல்ட்ராசவுண்ட் அலைகள் உள்ளே ஒரே புள்ளியில் வந்து சேரும். தோலைக் கடக்கும்போது அவை பரந்து கிடப்பதால் அங்கே ஒன்றும் ஆகாது. சேரும் இடத்தில் மட்டும், ஒரு நெல்மணி அளவான இடத்தில், சூடு 56 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூடு ஒரு விநாடி நின்றாலே அங்குள்ள கலங்கள் செத்துவிடும். அப்படிச் சிறுகச் சிறுக அடுத்தடுத்துச் சுட்டு, கட்டி முழுவதையும் முடிப்பார்கள். கத்தி இல்லை, இரத்தம் இல்லை. 1942-இல் அமெரிக்காவில் இதற்கான முதற் பரிசோதனைகள் நடந்தன. 1950-களில் இலினோயில் ஃப்ரை சகோதரர்கள் மூளையைக் குறிவைத்து இதை வளர்த்தார்கள். ஈரல் கட்டிகளுக்குப் பெருமளவில் பயன்படுத்தியவர்கள் சீனர்கள், குறிப்பாகச் சொங்சிங் நகரத்து வைத்தியர்கள். அவர்களுடைய கருவியொன்று 2002-இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட் சேர்ச்சில் வைத்தியசாலைக்கு வந்தது. அங்கே நடந்த ஆய்வின் முடிவு 2005-இல் வெளியானது: 30 நோயாளிகள், அதில் 22 பேருக்கு ஈரலில் கட்டி, 8 பேருக்குச் சிறுநீரகத்தில்.

ஈரலும் சிறுநீரகமும் இருப்பது எங்கே? விலாவின் மறைவில். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மென்மையான தசைக்குள் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் வேகத்தில் போகும். எலும்புக்குள் அந்த வேகம் இரண்டு மடங்குக்கு ஏறும். ஒரு பொருளிலிருந்து இவ்வளவு வேறுபட்ட இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது ஒலியில் மூன்றில் ஒரு பங்களவு முட்டித் திரும்பிவிடும். மிச்சத்தைப் பெரும்பாலும் எலும்பே குடித்துவிடும். குடித்தால் எலும்பு சுடும். எலும்பை மூடியிருக்கும் சவ்வில் வலி நரம்புகள் அதிகம். அதனால்தான் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் பலர் விலா நோகிறது என்கிறார்கள். திரும்பி வரும் ஒலியும் சும்மா இருப்பதில்லை, தோலைச் சுட்டுவிடும். இதற்கும் மேலே இன்னொரு வில்லங்கம் உண்டு. எலும்பு, சந்து, எலும்பு, சந்து என்று மாறி மாறி வரும் வரிச்சலுக்குள்ளால் போகும் அலை, ஒரு புள்ளியில் சேர வேண்டியது பிளந்து, நடுவில் ஒன்றும் பக்கங்களில் ஒவ்வொன்றுமாக விழும். கட்டியைச் சுட வேண்டிய சூடு கட்டிக்குப் பக்கத்தில் விழும். போதாக்குறைக்கு ஈரல் ஒரு இடத்தில் நிற்பதும் இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் மேலும் கீழும் போய் வரும்.

தொடக்க காலத்தில் சீன வைத்தியர்கள் இதற்குக் கண்ட வழி முரட்டுத்தனமானது. சிலருக்கு முன்கூட்டியே விலா எலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, ஒலி போக வழி திறந்தார்கள். கத்தி படாத வைத்தியம் என்று சொல்லிவிட்டு எலும்பை அறுப்பது ஒரு விநோதம்தான். ஆனாலும் அந்த நோயாளிகளுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வந்தவர்கள் கணக்கைக் கையில் எடுத்தார்கள். கிண்ணத்தை ஒரே துண்டாகச் செய்யாமல் நூற்றுக்கணக்கான சிறு ஒலிமுனைகளாகப் பிரித்தார்கள். எந்த முனைக்கு நேரே விலா நிற்கிறதோ அதை மட்டும் அணைத்துவிட்டு, சந்துக்கு நேரே உள்ளவற்றைக் கொண்டு சுட்டார்கள். பிரான்சில் மத்தியாஸ் ஃபிங்க் குழுவினர் இன்னும் நுட்பமாக யோசித்தார்கள்: உள்ளேயிருந்து வெளியே வரும் ஒலியை வாங்கி, அது வந்த வழியையே தலைகீழாக்கித் திருப்பி அனுப்பினால், அது சந்துகளைத் தானே தேடிக்கொண்டு உள்ளே போய்ச் சேரும். லண்டனில் கெயில் ரெர் ஹார் முதலானோர் ஒவ்வொருவரின் விலாக்கூட்டையும் கணினியில் வரைந்து, ஒலி எங்கே தேங்கும், எங்கே கடக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட வழி தேடினார்கள். ஹொங்கொங்கின் குயின் மேரி வைத்தியசாலையில் 49 ஈரல் புற்றுநோயாளிகளுக்குக் குவித்த ஒலியால் சிகிச்சை செய்து 2011-இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குக் கட்டி முழுதாக அழிந்திருந்தது.

அண்மைக்காலத் திருப்பம் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே சார்ள்ஸ் கெயின், சென் சூ உள்ளிட்டோர் சூட்டையே கைவிட்டார்கள். நுண்விநாடிக் கணக்கில் மிகக் குறுகிய, மிக வலிய ஒலித்துடிப்புகளை அனுப்பினால் திசுவுக்குள் நுண்குமிழ்கள் முகிலாகக் கிளம்பி வெடிக்கும். அந்த வெடிப்பில் கலங்கள் கூழாகிவிடும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் ஓய்வு நீளமாக இருப்பதால் விலா எலும்பு சுடுவதற்கு நேரமே கிடைக்காது. ஹிஸ்ரோட்ரிப்சி என்ற இந்த முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 ஒக்ரோபரில் ஈரல் கட்டிகளுக்காக அனுமதி கொடுத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 44 நோயாளிகள் இருந்தார்கள். கட்டிகள் 3 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை. குறிவைத்த இடத்தை நூற்றுக்கு 95 தடவை சரியாக அழிக்க முடிந்தது. பெரிய சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர். சிறிய ஆய்வு என்பதை மறக்கக்கூடாது. கட்டியை அழிப்பது வேறு, ஆயுளைக் கூட்டுவது வேறு. இரண்டாவதைச் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம்.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது. தோல் முழுமையானது, விலா எலும்புகள் வரிசையாக இருக்கின்றன, உள்ளே தசையும் கொழுப்பும் ஈரலும் தவிர வேறு ஒன்றும் இல்லை என்ற அனுமானம். ஒக்ஸ்ஃபோர்ட்டில் அது பெரும்பாலும் சரி. புதுக்குடியிருப்பில்?

2009-இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் காயப்பட்டவர்களின் முழுக் கணக்கு எவரிடமும் இல்லை. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி செல்வீச்சுக்கு உள்ளானது. வைத்தியர்கள் புதுமாத்தளனுக்கும் பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் பின்வாங்கி, பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாளின் கீழும் வைத்தியம் பார்த்தார்கள். பெப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக வெளியேற்றிய காயக்காரர்களும் அவர்களோடு போனவர்களும் 13,000 பேருக்கு மேல். திருகோணமலைக்கும், புல்மோட்டையில் இந்திய வைத்தியக் குழு அமைத்த கள ஆஸ்பத்திரிக்கும் போனவர்கள் அவர்கள். தரைவழியாக ஓமந்தையைக் கடந்து வவுனியா ஆஸ்பத்திரியையும் செட்டிகுளம் முகாம்களையும் அடைந்தவர்கள் வேறு.

அந்த நிலையில் உடம்புக்குள் ஆழமாகப் போன சிதறலை எவரும் தோண்டி எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. போர்க்காயச் சத்திரசிகிச்சையில் அது ஏற்றுக்கொண்ட நடைமுறை. இரத்தத்தை நிறுத்து, கெட்ட தசையை வெட்டு, ஆழத்தில் பேசாமல் கிடக்கும் இரும்பை அப்படியே விடு. அதைத் தேடிப் போவதுதான் கூடிய சேதம். உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு உறை கட்டிக்கொள்ளும். அன்று செய்தது சரியான வைத்தியம். எங்கே விட்டோம் என்று எழுதிக் கையில் கொடுக்க அன்று அவகாசம் இருக்கவில்லை; கொடுத்த துண்டும் அடுத்த இடப்பெயர்வில் தொலைந்தது. தவறு நடந்தது அதற்குப் பிறகுதான். அமைதி வந்து, ஆஸ்பத்திரிகள் புதிதாகக் கட்டப்பட்டு, இயந்திரங்கள் வந்த பிறகும் எவரும் அந்தக் கணக்கை உட்கார்ந்து எழுதவில்லை.

விலாப் பக்கத்தில் அப்படியொரு காயம் பட்டவருக்குக் குவித்த ஒலி எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். ஒலியின் வழியில் இரும்புத் துண்டு நின்றால், அது எலும்பை விட மோசமாக ஒலியைத் திருப்பியடிக்கும். தழும்பு இருந்தால் அந்தத் தோலில் இரத்த ஓட்டம் குறைவு, சூட்டை அது வெளியே கடத்தாது, சுட்டுப்போகும். கர்ப்பப்பைக் கட்டிகளுக்கு இந்த முறையைச் செய்பவர்கள் பழைய சத்திரசிகிச்சைத் தழும்பைக் கண்டாலே கருவியின் கோணத்தை மாற்றுவதும் அதனால்தான். உடைந்து கோணலாகப் பொருந்திய விலாவுக்கு இடையில் சந்து ஒழுங்காக இருக்காது. நெஞ்சுக்காயத்துக்குப் பிறகு பிரிமென்றகடு ஒட்டிப் போயிருந்தால், எவ்வளவு மூச்சு இழுத்தாலும் ஈரல் கீழே இறங்கி வராது. இவை எதுவும் தாண்ட முடியாத தடைகள் அல்ல. ஆனால் தாண்டுவதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. குவித்த ஒலிக் கருவிகளில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, உள்ளே நடப்பதை எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்துச் சுடும். சூடு எவ்வளவு ஏறியது என்பதையும் அதிலேயே அளக்கலாம். மற்றது, சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்துச் சுடும். கைநடுக்க நோய்க்கு மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் சுடும் முறை முதல் வகை. கோயம்புத்தூர் வரைக்கும் வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். செல் துண்டுகள் பெரும்பாலும் உருக்கு. காந்தத்துக்குள் அது அசையலாம், சூடாகலாம். அசையாவிட்டாலும் அந்த இடத்துப் படத்தைக் கெடுத்துவிடும். உறை கட்டிய பழைய துண்டு ஆபத்தில்லை என்று கதிரியல் நிபுணர் சிலவேளை முடிவெடுப்பார். அந்த முடிவை எடுக்க அவருக்குத் துண்டு எங்கே இருக்கிறது, என்ன அளவு, முள்ளந்தண்டுக்கோ பெரிய நாடிக்கோ கிட்டவா என்று தெரிய வேண்டும். "எங்கையெண்டு தெரியாது" என்பவரை அவர் உள்ளே அனுப்பமாட்டார், அனுப்பவும் கூடாது.

ஆகவே என்றைக்காவது கொழும்பில் ஒரு குழு உட்கார்ந்து ஈரலுக்கான குவியொலிக் கருவி வாங்க யோசித்தால், வடக்கைச் சேர்ந்த ஒருவர் அங்கே எழுந்து அல்ட்ராசவுண்ட் வழிகாட்டும் வகையை வாங்கச் சொல்ல வேண்டும். சொங்சிங் கருவியும் மிச்சிகன் கருவியும் அந்த வகைதான். எம்.ஆர்.ஐ. வகை வந்தால் வன்னியின் ஒரு தலைமுறையில் பலருக்கு அது பெயரளவில்தான் இலவச வைத்தியம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். 2022-இல் சாதாரண மருந்துக்கே வெளிக் கடையில் துண்டு எழுதிக் கொடுத்த நாடு இது. புற்றுநோய் என்றால் கிளிநொச்சியிலிருந்து தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ பஸ் ஏறுகிற சனத்துக்கு மிச்சிகன் கதை எதற்கு? நியாயமான கோபம். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியே 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த நடைபயணத்தில் சேர்ந்த காசில் எழுந்தது. அரசாங்கம் தானாகக் கொண்டுவந்து தரும் என்று காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் நான் கருவி கேட்கவில்லை. கருவி வரும்போது வரட்டும். இப்போது கேட்பது ஒரு அட்டை. சுளகு அளவு எக்ஸ்றே படத்தைக் கடைப் பையில் சுருட்டிக்கொண்டு திரிகிறார்களே, மழையில் நனைந்து ஒட்டிப் போன அந்தப் படத்துக்குப் பதிலாக, கிளினிக் கொப்பிக்குள் வைக்கக்கூடிய ஒரு அட்டை. உடம்பின் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுப்படமாக. இரும்பு கிடக்கும் இடங்களில் புள்ளி. பக்கத்தில் அளவு, ஆழம், படம் எடுத்த திகதி, பார்த்த கதிரியல் வைத்தியரின் கையொப்பம். இதற்கு வேண்டியது எக்ஸ்றே இயந்திரம். அது மூன்று மாவட்டத்திலும் இருக்கிறது. பயன் புற்றுநோய் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாரிசவாதம் வந்து மூளைக்கு எம்.ஆர்.ஐ. கேட்டால் உதவும், நாரி நோவுக்குக் கேட்டாலும் உதவும். 2009-இல் ஆறு வயதில் காயப்பட்ட பிள்ளைகள் இப்போது இருபதுகளில் நிற்கிறார்கள். வளர்ந்த உடம்பில் அந்தத் துண்டு தாய் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்றில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். கணக்கெடுப்பு என்றதும் வன்னிச் சனத்துக்கு நெஞ்சு இடிக்கும், காரணத்தோடுதான். முகாமில் வரிசையில் நிறுத்திக் காயத்தைப் பார்த்து "நீ இயக்கமா?" என்று கேட்ட காலத்தைக் கண்டவர்கள். உடம்பில் இரும்பு இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று எங்கேயாவது ஒரு கணினியில் சேர்ந்தால், அது ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிற்கும் என்று எவர் உத்தரவாதம் தருவார்? சமையலடுப்படியில் காயப்பட்ட பெண்ணையும் சந்தேகிக்க அது இடம் கொடுக்கும். ஆகையால் பட்டியல் வேண்டவே வேண்டாம். அட்டை நோயாளியின் கையில் மட்டும் இருக்க வேண்டும். பிரதி எங்கும் சேரக்கூடாது. அதில் எப்படிக் காயம் வந்தது என்ற கேள்விக்கு இடமே இருக்கக்கூடாது. 'உலோகத் துண்டு' என்று எழுதினால் வைத்தியருக்குப் போதும். பொதுச் சுகாதாரத்துக்குப் புள்ளிவிவரம் தேவையே என்று நிபுணர்கள் சொல்வார்கள். எண்ணிக்கையை மட்டும் எடுக்கட்டும், பெயரை விட்டுவிட்டு.

இதோடு சேர்த்து இன்னொன்று. மேலே சொன்ன ஆய்வுகளில் வெற்றி கிடைத்த கட்டிகள் பெரும்பாலும் சிறியவை. 3 சென்ரிமீற்றர் கட்டி வலிக்காது, மஞ்சள் காட்டாது, வயிற்றை வீங்க வைக்காது. வலித்துக்கொண்டு வருபவரின் கட்டி பெரும்பாலும் எந்த ஒலிக்கும் அடங்காத அளவுக்கு வளர்ந்திருக்கும். ராகமையில் நடந்த ஆய்வு, நகர்ப்புற வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதைக் காட்டியது. அது கொழும்புப் பக்கத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. நீரிழிவும் கசிப்பும் வன்னியை விட்டுவைக்கவில்லை. மஞ்சட்காமாலை பி தடுப்பூசி 2003-இல்தான் இலங்கைக் குழந்தைகளுக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் வளர்ந்தவர்கள். ஈரல் சுருங்கிவிட்டது என்று ஒருவருக்குத் தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கான் என்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. அந்த ஆறு மாத ஸ்கானைக் கிளினிக் திகதியோடு சேர்த்து முல்லைத்தீவிலேயே எடுத்துவிட்டால், பஸ் காசுக்குப் பயந்து தவறவிடுபவர்கள் குறைவார்கள். கையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக் கிடக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அட்டையில் உள்ள புள்ளிகளையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம்.

அட்டையை மூன்று மொழியிலும் அச்சிட வேண்டும். அதை நாளைக்கு மகரகமவில் கையில் வாங்கி வாசிக்கப் போகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நோயாளிக்குச் சிங்களம் தெரிந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது.